வடசென்னைக்குப் போங்கள், பாலிசியோடு போங்கள்

சென்னையில் இரண்டு நாள் தங்கிச் சுற்றிப் பார்க்க வருகிறோம் என்று மதுரையிலிருந்தோ கோவையிலிருந்தோ சொந்தக்காரர் போன் செய்தால், நம்மவர்கள் இரண்டு அறிவுரை தருவார்கள். மெரினா, மயிலாப்பூர், தி.நகர், நேரமிருந்தால் மாமல்லபுரம் பாருங்கள். பாரிமுனையைத் தாண்டி வடக்கே மட்டும் போய்விடாதீர்கள், அங்கே பார்க்க ஒன்றுமில்லை, ஆட்களும் சரியில்லை என்பது முதலாவது. உள்ளூர்ப் பயணத்துக்கு எதற்கு இன்சூரன்ஸ், அதெல்லாம் சிங்கப்பூர், லண்டன் போகிறவர்களுக்கு என்பது இரண்டாவது. இரண்டும் தவறு. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: பயப்படத் தேவையில்லாத மனிதர்களைக் கண்டு பயப்படுகிறோம், கணக்கில் கொள்ள வேண்டிய மழையையும் லாரியையும் ரயில் படிக்கட்டையும் கணக்கில் கொள்ளாமல் விடுகிறோம்.

பார்க்க ஒன்றுமில்லை என்று சொல்பவர் ராயபுரம் ரயில் நிலையத்தின் முன்னால் ஒருநாளும் நின்றிருக்க மாட்டார். 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. 1853இல் நாட்டின் முதல் ரயில் ஓடிய பம்பாயிலும் தாணேயிலும் அன்றைய நிலையக் கட்டடங்கள் இன்று இல்லை. ராயபுரத்தின் தூண்வரிசை இன்னும் நிற்கிறது. நாட்டில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் அதுதான். சென்ட்ரலில் பெட்டியோடு இறங்கும் குடும்பத்துக்கு ஆட்டோவில் கொஞ்ச தூரம். அதே வட்டாரத்தில் 1910இல் எழுந்த பார்சிகளின் நெருப்புக் கோயில் இருக்கிறது. மற்றவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை, தெருவில் நின்று பார்க்கலாம். படகோட்டிகளின் சமூகம் கட்டி வளர்த்த ராயப்பர் (செயின்ட் பீட்டர்) தேவாலயமும் பக்கத்தில்தான்.

இன்னும் வடக்கே போனால் திருவொற்றியூர். அப்பரும் சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். சுந்தரர் சங்கிலியாரைக் கைப்பிடித்த கதை அந்தக் கோயில் மகிழ மரத்தடியில் நடக்கிறது. கருவறையின் பின்புறம் யானையின் முதுகு போல வளைந்த தூங்கானை மாட வடிவம். முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில் ரவி என்னும் வீரசோழத் தச்சன் அதைக் கருங்கல்லில் எழுப்பினான் என்று கல்வெட்டு பெயரோடு சொல்கிறது. கோயில் கட்டிய அரசனின் பெயர் கிடைப்பது சாதாரணம். தச்சனின் பெயர் கிடைப்பது அரிது. பட்டினத்தார் சமாதி கடலோரத்தில் இருக்கிறது. ஏழுகிணற்றில் குடியிருந்த வள்ளலார் வடிவுடையம்மனைப் பார்க்க இங்கேதான் நடந்து வந்துகொண்டிருந்தார். வீணை குப்பய்யரின் அழைப்பில் வந்த தியாகராஜர் அந்த அம்மன் மீது ஐந்து கீர்த்தனைகள் பாடினார். திருவொற்றியூர் பஞ்சரத்னம் என்று அவை இன்றும் கச்சேரிகளில் ஒலிக்கின்றன. மார்கழியில் சபாவுக்குச் சபா போய் அந்தக் கீர்த்தனையைக் கேட்டு உருகுகிற ரசிகர்கள், அது பிறந்த சந்நிதிக்கு மெட்ரோவில் போகலாம் என்று தெரியாமலே ஊர் திரும்புகிறார்கள். இது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

மெரினாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வங்கக் கடலோரத்தில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1870களில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர் போடத் தொடங்கியதும் அந்த மணல் தென்புறமே தடுக்கப்பட்டுக் குவிந்தது. அகன்ற மெரினா அப்படித்தான் உருவானது. வடபுறம் மணல் வரத்து நின்று, ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் கரையைத் தின்றது. தெருக்களும் குப்பங்களும் கடலுக்குள் போயின. இப்போது அங்கே கருங்கல் கொட்டிய தடுப்பும் தூண்டில் வளைவுகளும்தான் இருக்கின்றன. ‘வடசென்னையில் நல்ல பீச் கூட இல்லை’ என்று சொல்கிறவர், அந்த பீச்சின் மணல் எங்கே போனது என்று ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்தது ‘ஆட்கள் சரியில்லை’ என்ற பேச்சு. சினிமாவில் அரிவாளும் ஸ்கெட்சும் பார்த்துவிட்டு, அதையே ஊரின் ஜாதகம் என்று நம்புகிறார்கள். விடிகாலை காசிமேட்டு மீன் ஏலத்தில் கூடை தூக்கும் அக்கா, துறைமுகத்தில் ஷிஃப்ட் முடித்து சைக்கிளில் வருகிறவர், திருவொற்றியூர் தொழிற்சாலைகளில் மூன்று தலைமுறையாக வேலை பார்த்த குடும்பங்கள், ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு மாநிலமெங்கும் இருந்து வந்து வாசலில் படுத்திருக்கும் உறவினர்களுக்கு வழி சொல்லும் டீக்கடைக்காரர், இவர்கள்தான் இந்த ஊர். எம்.ஆர்.எஃப். 1946இல் பொம்மைப் பலூன் செய்யும் கொட்டகையாக ஆரம்பித்தது திருவொற்றியூரில். 1955இல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் இந்தியாவில் தயாராகத் தொடங்கியதும் அங்கேதான். அசோக் லேலண்ட் லாரி எண்ணூரில். நாடு முழுக்கச் சாலையில் ஓடியவற்றைச் செய்து கொடுத்த கைகளைப் பார்த்து, சாலையில் ஜாக்கிரதை என்கிறோம். வேறு எந்த ஊர் மக்களையாவது இப்படி மொத்தமாகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் நாம் சும்மா இருப்போமா?

போக்குவரத்து வசதி இல்லை என்பதும் பழைய பேச்சு. 2021 பிப்ரவரி 14 முதல் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை ஓடுகிறது. மறு ஆண்டு திருவொற்றியூர் தேரடி நிலையமும் திறந்தாயிற்று. மீனம்பாக்கம் விமான நிலையத்தில் ஏறுகிறவர் நீல வழித்தடத்தில் எங்கும் மாறாமல் சென்ட்ரல் வழியாகத் தேரடியில் இறங்கலாம். தங்குவதற்கு வடசென்னையில் நல்ல விடுதிகள் குறைவுதான். சென்ட்ரல், எழும்பூர் பக்கம் அறை எடுத்துக்கொண்டு காலையில் கிளம்புவது தோது.

ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. எண்ணூர் விரைவுச் சாலையிலும் காசிமேட்டு ஜீரோ கேட் பக்கமும் துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும். நாற்பதடி கண்டெய்னர் திரும்பும்போது இடப்பக்கம் நிற்கும் ஆள் டிரைவரின் கண்ணுக்குத் தெரிவதில்லை. புறநகர் ரயிலில் படிக்கட்டில் தொங்குவது இன்னொன்று. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2023 டிசம்பரில் மிக்ஜாம், 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல், இரண்டு புயலுக்கும் சென்னை விமான நிலையத்தையே மூடினார்கள். எண்ணூர் முகத்துவாரத்தில் நீரோட்டம் பொல்லாதது, அங்கே இறங்கிக் குளிக்கக் கூடாது. தடுப்புக் கற்கள் பாசி பிடித்து வழுக்கும், ஏறி நின்று செல்ஃபி எடுக்காதீர்கள். இந்தப் பட்டியலில் ரவுடி வரவில்லை என்பதைக் கவனியுங்கள். இவை ஒவ்வொன்றுக்கும் சட்டத்திலோ காப்பீட்டிலோ ஏதோ ஒரு ஏற்பாடு இருக்கிறது, அதைத் தெரிந்துகொள்ளாமல்தான் ‘இன்சூரன்ஸ் எதற்கு’ என்கிறோம்.

ரயிலில் தொடங்குவோம். ஐ.ஆர்.சி.டி.சி.யில் டிக்கெட் எடுக்கும்போது காப்பீடு வேண்டுமா என்று ஒரு கேள்வி வரும். ஆளுக்கு 45 பைசா. ஒரு மிட்டாய்க்குக் கூடக் காணாத அந்தத் தொகைக்கு, ரயில் விபத்தில் உயிர் போனாலோ முழு ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம், நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு 7.5 லட்சம், ஆஸ்பத்திரிச் செலவுக்கு 2 லட்சம் வரை. அவசரத்தில் ‘வேண்டாம்’ என்று தட்டுகிறவர்கள் ஏராளம். ‘வேண்டும்’ என்று தட்டியவர்களிலும், பிறகு போனுக்கு வரும் இணைப்பைத் திறந்து நாமினி பெயரை எழுதுகிறவர்கள் குறைவு. நாமினி இல்லாவிட்டால் குடும்பம் வாரிசுச் சான்றிதழோடு அலைய வேண்டும். 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாலசோர் அருகே விபத்தில் சிக்கியது சென்னை சென்ட்ரலை நோக்கி வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ். 290க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்த ரயிலின் முன்பதிவில்லாப் பெட்டிகளில் வந்த கூலித் தொழிலாளிகளுக்கு இந்த 45 பைசாக் காப்பீட்டை எடுக்க வழியே கிடையாது. இணையத்தில் எடுத்து, இடம் உறுதியான அல்லது ஆர்.ஏ.சி. கிடைத்த டிக்கெட்டுக்கு மட்டும்தான் அது. அரசு இதை மாற்ற வேண்டும்.

ஆனால் முன்பதிவில்லாதவருக்கும் கும்மிடிப்பூண்டி லோக்கலில் போகிறவருக்கும் இன்னொரு உரிமை இருக்கிறது. 1989 ரயில்வே சட்டத்தின் 124ஏ பிரிவின்படி, ஓடும் ரயிலிலிருந்து தவறி விழுந்தாலும் இழப்பீடு உண்டு. ரயில்வேயின் தவறு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. உயிரிழப்புக்கு அது 2017 முதல் 8 லட்சம். ரயில்வே உரிமைத் தீர்ப்பாயத்தில் ஓராண்டுக்குள் மனுப் போட வேண்டும். விழுந்தவர் சட்டைப்பையில் டிக்கெட் கிடைக்கவில்லை என்பதாலேயே அவரைப் பயணி இல்லை என்று தள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2018இல் ரினா தேவி வழக்கில் சொல்லியிருக்கிறது. இருந்தாலும் டிக்கெட்டைப் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். குடித்துவிட்டு விழுந்தால் இந்த இழப்பீடு கிடையாது.

சாலைக்கு வருவோம். லாரிக்கு மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி கட்டாயம். நடந்து போகிறவருக்கு அடிபட்டால் அந்தப் பாலிசிதான் பதில் சொல்ல வேண்டும். அடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி என்றால், 2022 ஏப்ரல் முதல் உயிரிழப்புக்கு 2 லட்சமும் பலத்த காயத்துக்கு 50,000 ரூபாயும் அரசு நிதியிலிருந்து கிடைக்கும். தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் 18இல் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவர் எந்த மாநிலத்தவர் என்று பார்க்காமல் முதல் 48 மணி நேரம் சிகிச்சை இலவசம். 108 வண்டிக்காரர்களுக்கு இந்தத் திட்டத்தில் உள்ள ஆஸ்பத்திரி எது என்று தெரியும். சொந்தக் கார் பிடித்து வேறெங்கோ ஓடுவதைவிட அவர்களைக் கூப்பிடுவது மேல். இங்கே ஒரு எச்சரிக்கை: வேடிக்கைக்காக மீன்பாடி வண்டியில் ஏறாதீர்கள். பழைய மோட்டாரை மாட்டி ஓட்டும் அந்த மூன்று சக்கர வண்டிகள் பலவற்றுக்குப் பதிவும் இல்லை, காப்பீடும் இல்லை. மீன் ஏற்ற வந்த வண்டி மீனையே ஏற்றட்டும்.

பெரும்பாலோரிடம் ஏற்கெனவே இருந்தும் அவர்களுக்கே தெரியாத பாலிசி ஒன்று உண்டு. வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடித்துக்கொள்ளும் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டம். விபத்தில் இறந்தால் 2 லட்சம். கிளையில் யாரோ நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு மறந்துபோனவர்கள் நிறைய; இறந்த பிறகு அப்படி ஒரு பணம் வர வேண்டும் என்பதே வீட்டுக்குத் தெரிவதில்லை. பாஸ்புக்கைப் பாருங்கள், வீட்டில் சொல்லி வையுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருப்பவர்கள் அதையும் கையோடு எடுத்து வாருங்கள்.

காசு கொடுத்து வாங்கும் பயணக் காப்பீடு தேவையா? உங்கள் சொந்த மருத்துவ பாலிசி நாடு முழுவதும் செல்லும் என்றால், அதே மருத்துவச் செலவுக்கு இன்னொரு முறை பணம் கட்ட வேண்டாம். ஆனால் மழைக்காலத்தில் வருகிறீர்கள், வயதானவர்களைக் கூட்டி வருகிறீர்கள், விமானத்துக்கும் அறைக்கும் பணத்தை முன்னாலேயே கட்டிவிட்டீர்கள் என்றால், பயணம் ரத்தானால் பணம் திரும்பத் தரும் பாலிசி பயன்படும். டிக்கெட் எடுத்த அன்றே வாங்க வேண்டும். வானிலை மையம் புயலுக்குப் பெயர் சொன்ன பிறகு வாங்கினால், தெரிந்தே வாங்கினீர்கள் என்று கம்பெனி கையை விரிக்கும். அதில் நியாயமும் இருக்கிறது. ரயில்வேயே ரயிலை ரத்து செய்தால் முழுப் பணம் திரும்பும், மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் பயணத்தை விட்டுவிட்டு முழுப் பணம் கேட்கலாம். இவற்றுக்குப் பாலிசி வேண்டாம். வேண்டியதை மட்டும் வாங்கச் சொல்கிறேன்.

‘வாங்கி என்ன பயன், கேட்கும்போது கொடுக்க மாட்டான்’ என்பார்கள். இந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். காப்பீட்டுக் கம்பெனிகள் பொடி எழுத்துக்குப் பின்னால் ஒளிகிற வழக்கம் உண்மைதான். ஆனால் அதற்காகப் பாலிசியே வேண்டாம் என்று இருப்பது கம்பெனியைத் தண்டிக்காது, உங்களைத்தான் தண்டிக்கும். பை தொலைந்தால் அன்றே பக்கத்துப் போலீஸ் நிலையத்தில் புகார் கொடுத்து அதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள், விபத்தென்றால் எஃப்.ஐ.ஆர். நகல். ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரியும் பில்லும் அசலாக வேண்டும். கம்பெனிக்குத் தகவலை அன்றைக்கே, எழுத்தில் கொடுங்கள். அப்படியும் மறுத்தால், அல்லது ஒரு மாதம் பதில் இல்லாவிட்டால், காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் வரையிலான புகாரை விசாரிப்பார்கள்.

இந்த வட்டாரத்து மக்களுக்கு இதெல்லாம் புதிதில்லை. கப்பலில் வரும் சரக்குக்குப் பாலிசி, விசைப்படகுக்குப் பாலிசி என்று காப்பீட்டுக்குள்ளேயே வாழும் தொழில்கள் இவை. கடலுக்குப் போகிற மீனவருக்குப் பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் விபத்துக் குழுக் காப்பீடு 5 லட்சம். நாளைக் காலை திரும்புவோமா என்ற கேள்வியோடு தொழில் செய்கிறவர்கள் ஆபத்தைக் கணக்குப் போடக் கற்றிருக்கிறார்கள். அவர்களை ஆபத்தானவர்கள் என்று சொல்லும் சுற்றுலாக்காரர்தான் 45 பைசாவை மிச்சம் பிடிக்கிறார்.

இரண்டு மறுப்புகளுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. ‘ஏழைகள் வாழும் இடத்தை வேடிக்கை பார்ப்பது அசிங்கம்’ என்பது ஒன்று. வேடிக்கை பார்க்கப் போனால் அசிங்கம்தான். காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போங்கள், திருவொற்றியூருக்குக் கும்பிடப் போங்கள், பர்மா பஜார் பக்கத்தில் அத்தோ சாப்பிடப் போங்கள். ரங்கூனிலிருந்து துரத்தப்பட்டுக் கப்பலேறி வந்த தமிழ்க் குடும்பங்கள் கொண்டுவந்த உணவு அது. வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் அவர்களுக்குக் குடியிருப்புகள் உண்டு. வாழைத்தண்டு சூப்போடு முட்டை மசாலாவும் கேளுங்கள். வலை பிரிக்கிறவர் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாமல், எடுக்கலாமா அண்ணே என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

மற்றொன்று, மாசு. இதை நான் மறுக்கவே மாட்டேன். மிக்ஜாம் வெள்ளத்தில் மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலையாற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் படர்ந்தது. மீனவர்கள் குவளையால் அந்த எண்ணெயை அள்ளினார்கள். அதே 2023 டிசம்பர் 26 இரவு, எண்ணூர் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மூச்சுத் திணறலோடு ஜனங்கள் நள்ளிரவில் தெருவுக்கு ஓடினார்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் எண்ணூரைத் தவிர்த்து ராயபுரத்தோடும் திருவொற்றியூரோடும் நிறுத்திக்கொள்வது நல்லது. ஆனால் ‘மாசு இருக்கிறது, அதனால் போகாதே’ என்பதை நான் ஏற்க முடியாது. இரண்டு நாள் வருகிறவர் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிவிடலாம். அங்கேயே பிறந்து வளரும் குழந்தை எங்கே போகும்? போபால் கொடுமைக்குப் பிறகு 1991இல் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. அபாயகரமான ரசாயனத்தைக் கையாளும் ஆலைகள் வெளியாட்களுக்காகக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும். பாதிக்கப்பட்டவர் ஆலையின் தவறை நிரூபிக்காமலே மாவட்ட ஆட்சியரிடம் நிவாரணம் கேட்கலாம். குடியிருப்பவருக்கும் உண்டு, வந்து போகிறவருக்கும் உண்டு. அந்தச் சட்டம் எழுதப்பட்டபோது ஓர் உயிருக்கு வைத்த நிவாரணம் 25,000 ரூபாய். அப்படியொரு சட்டம் இருப்பதே வெளியில் தெரியாமல் போனதற்கு ஒரு காரணம், எண்ணூரை நாம் யாரும் போகாத இடமாக ஆக்கிவைத்ததுதான். கம்பெனி ஆட்சியில் வெள்ளைக்காரத் துரைகள் கழிமுகக் காற்று வாங்க பங்களா கட்டித் தங்கிய ஊர் அது. அனல்மின் நிலையச் சாம்பலையும் எண்ணெயையும் அங்கே கொட்ட முடிந்தது, கேட்க வெளியாள் யாரும் வரமாட்டார் என்பதால்தான். கழிமுகத்தை நேரில் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிற ஒவ்வொருவரும் அந்த மக்களுக்கு ஒரு சாட்சி.

எப்போது வரலாம் என்றால், பொங்கல் கழிந்து ஏப்ரல் முதல் வாரத்துக்குள். மழை முடிந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. திருவொற்றியூர் மூலவரைக் கவசமில்லாமல் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் மட்டும் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாளில் வர வேண்டும். அது புயல் மாதம், ரத்துக்குப் பணம் தரும் பாலிசி அவர்களுக்குக் கட்டாயம். காசிமேட்டுக்கு விடியுமுன் போய்விடுங்கள், ஞாயிறு என்றால் கூட்டத்துக்குத் தயாராகப் போங்கள். வஞ்சிரத்தை வெட்டி ஐஸ் போட்டுக் கட்டித் தருவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம்; விசைப்படகுகள் கரையில் நிற்கும், பெரிய மீன் அதிகம் கிடைக்காது.